இன்ஜினை அணைத்துவிட்டு

அந்தக் குழுவில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, பிறத்தியார் பயத்தோடு நாள் முழுவதும் ஊர் சுற்றுவதுதான் அவள் வேலை. வீட்டில் கார் பேச்சுக்குத் துணையில்லை. கணவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை, ஓட்ட ஆசைப்பட்டதும் இல்லை. டர்போ, டார்க் என்று அவள் ஆரம்பித்தாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் அவளுடைய கார் பைத்தியம் முழுவதும் கைப்பேசிக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒரு குறிப்பிட்ட காரின் கியர்பாக்ஸ் தகராறைப் பற்றிப் புலம்புவதற்காக இணையத்தில் கூடிய கூட்டம் அது. அங்கே சண்டை முற்றிப்போய், ஒருவரோடொருவர் ஒத்துப்போன சிலர் மட்டும் பிரிந்து வந்து ‘நாலு சக்கரம்’ என்று தனியாக ஒரு குழு ஆரம்பித்தார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மருந்துக்கடை வைத்திருப்பவர் டாக்டர் ஆனார். எந்த ரோட்டில் போனாலும் டயரில் ஆணி ஏற்றிக்கொண்டு வருபவர் பஞ்சர். பெட்ரோல் போடுவதற்கு முன் ஊரிலுள்ள பங்க் எல்லாவற்றிலும் விலை விசாரிப்பவர் கஞ்சப்பிரபு. நாளடைவில் கஞ்சம் உதிர்ந்து பிரபு மட்டும் மிஞ்சியது. உண்மையான பெயர் என்ன என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காததாலேயே வாய்விட்டுப் பேச முடிந்தது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அன்றாடம் அரட்டைதான். புது மாடல் வந்தால் முகப்பு விளக்கு மாட்டுக்கண் மாதிரி இருக்கிறது என்பார் ஒருவர். அந்த மாட்டையே வாங்கினால் பெட்ரோலாவது மிச்சம் என்பார் பிரபு. பஞ்சருக்கு சாகசக்காரர்கள் மேல் பித்து. கயிறில்லாமல் கட்டடம் ஏறுகிறவன், மோட்டார் சைக்கிளில் வரிசையாக நிற்கும் லாரிகளைத் தாண்டுகிறவன், ஓடும் ரயிலின் மேல் நின்று கைவீசுகிறவன் என்று எங்கிருந்தோ பிடித்து வந்து போடுவார். பார்க்கும்போது உள்ளங்கை வியர்க்கும், ஆனாலும் எல்லோரும் பார்ப்பார்கள்.

பெட்ரோல் விலை ஒரே மூச்சில் ஏறிய வாரத்தில்தான் அது ஆரம்பித்தது. லாரி தாண்டுகிறவனின் வீடியோவுக்குக் கீழே பிரபு எழுதினார்: ‘அவன் லாரியத் தாண்டுறான். பங்க்கைத் தாண்டிப் போய்க் காட்டச் சொல்லுங்க, அவன்தான் வீரன்.’ குழு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே போட்டி பிறந்துவிட்டது. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு யார் வண்டி அதிக தூரம் உருள்கிறது என்று பார்ப்பது. பஞ்சர் பாலத்தின் உச்சியிலிருந்து உருண்டு சிக்னல் வரை போனதைப் படம் பிடித்துப் போட்டார். டாக்டர் கடையிலிருந்து வீட்டு வாசல் வரை ஓசையில்லாமல் வந்து நின்று, தன் மனைவியே கவனிக்கவில்லை என்று பெருமைப்பட்டார். பிரபு அதற்குப் ‘பறக்கும் சிக்கனம்’ என்று பட்டம் கொடுத்தார்.

அவளும் சிரித்தாள். ஒரு மாணவியை இறக்கிவிட்டு அடுத்தவருக்காகத் தெருமுனையில் காத்திருந்த ஒரு மதியம், பிரபு நேராக அவளையே கேட்டிருந்தார். பாலமெல்லாம் ஜுஜுபி, தான் மலைப்பாதையில் இறங்கப் போவதாகவும், டீச்சர் ஏதாவது டிப்ஸ் கொடுத்தால் தேவலை என்றும். மற்றவர்கள் எல்லாம் டீச்சர், டீச்சர் என்று ஆரவாரம் செய்தார்கள். அவள் எழுதினாள்: ‘சாவிய முழுசா பின்னாடி திருப்பிடாதீங்க. ஸ்டியரிங் பூட்டிக்கும். ஒரு கிளிக் மட்டும் திருப்பினா போதும்.’

அவள் சொன்னது சரி. அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் அவளுக்குத் தெரியும். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்குத் துணை நிற்கும் காற்றிழுப்பு இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், முழு எடையையும் போட்டு ஏறி நின்று மிதித்தால்தான் கொஞ்சமாவது பிரேக் பிடிக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் வகுப்பில் சொல்வதுதான். எழுத நினைத்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்குள் அடுத்த மாணவர் வந்து கதவைத் திறந்துவிட்டார். எழுதியிருந்தால் பாட்டி மாதிரி பயமுறுத்துகிறீர்களே என்று கேலி செய்திருப்பார்கள் என்பதும் ஒரு காரணம். எழுதிய அந்த ஒரு வரிக்கு எல்லோரும் கைதட்டல் போட்டிருந்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரபு வீடியோ போட்டார். மலையின் மேல், சாலையோரத்தில் நிற்கும் வண்டி. படம் பிடிப்பவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கேமரா ஸ்பீடோமீட்டரைக் காட்டி, பிறகு பிரபுவின் கையைக் காட்டியது. ‘ஒரு கிளிக்’ என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சத்தம் நின்றது. காற்றுச் சத்தம் மட்டும். ‘டீச்சர் ஆசீர்வாதத்தோட கிளம்பறோம்’ என்றார் பிரபு. மச்சான் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. வண்டி மெல்ல நகர ஆரம்பித்ததும் வீடியோ முடிந்துவிட்டது.

அவள் அன்று அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் மாலையில்தான் பார்த்தாள். சிரித்த முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டாள். பிரபுவிடமிருந்து பதில் இல்லை. பஞ்சர், என்ன பிரபு, கடலுக்கே போய்ச் சேர்ந்துட்டீங்களா என்று கேட்டிருந்தார். அதற்கும் பதில் இல்லை.

மறுநாள் பகல் முழுவதும் குழு வெறிச்சோடிக் கிடந்தது. அதற்கடுத்த நாள் பிரபுவே எழுதினார், வழக்கமான கேலி எதுவும் இல்லாமல். வண்டி வளைவில் தடுப்புச்சுவரில் மோதிவிட்டது, தனக்குத் தோள்பட்டை முறிவு, மோதியது மச்சான் உட்கார்ந்திருந்த பக்கம், அவனுக்கு இடுப்பிலும் தலையிலும் பலத்த அடி, இன்னும் கண் விழிக்கவில்லை. கடைசியில் ஒரு வரி: ‘பிரேக் ஃபெயிலியர். போன வாரம்தான் சர்வீஸ் விட்டு எடுத்தேன்.’

அந்தக் கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். மற்றவர்கள் ஐயோ என்றும், தைரியமாக இருங்கள் என்றும் எழுதினார்கள். வண்டி உருண்டதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் குழுவின் பழைய பேச்சுகள் மறைய ஆரம்பித்தன. முதலில் பிரபுவின் வீடியோ போனது. பிறகு பஞ்சரின் பாலம் போனது. டாக்டரின் வாசல் போனது. அவள் விரலால் மேலே தள்ளத் தள்ள, செய்தி நீக்கப்பட்டது, செய்தி நீக்கப்பட்டது என்றே வந்துகொண்டிருந்தது. ஊர் காலியாகிக்கொண்டிருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிவது போல அவளுடைய வரி தனியாக நின்றது. ஒரு கிளிக் மட்டும் திருப்பினா போதும்.

டாக்டர் போன் செய்தார். அவர் குரலை அவள் அன்றுதான் கேட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னார்: போலீஸ் கேஸ் ஆகியிருக்கிறது, மனுஷன் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறான், நாம் விளையாட்டுக்குப் பேசியதெல்லாம் வெளியே வந்தால் அவன் குடும்பமே உடைந்துபோகும், உங்கள் வேலைக்கும் நல்லதில்லை. அவள் சரி என்றாள். போனை வைத்ததும் தன் வரியை அழித்தாள். அழித்த கையோடு, கைப்பேசியின் படத்தொகுப்பில் பிரபுவின் வீடியோ தானாகவே பதிவாகியிருப்பதைப் பார்த்தாள். அதையும் அழிக்க விரல் போனது. ஏனோ அழிக்கவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “வண்டிய நீ ஓட்டலையே,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, அந்த பிரேக்குக்கு யார் மேல பழி?” என்று கேட்டார். எங்கே வலிக்கிறதோ அங்கேயே கைவைக்கும் மனிதர் அவர்.

யார் மேல் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. பிரபுவின் மனைவி இணையத்தில் எழுதியது கைமாறிக் கைமாறி அவளுக்கும் வந்து சேர்ந்தது. ஷட்டர் இறக்கிய சின்ன ஒர்க்‌ஷாப் ஒன்றின் படம். என் தம்பியை இந்த நிலைமைக்கு ஆளாக்கிய இடம் என்று எழுதியிருந்தாள். கீழே முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் திட்டித் தீர்த்திருந்தார்கள். ஷட்டரில் யாரோ கொலைகாரன் என்று பெயிண்டால் எழுதிய இன்னொரு படமும் வந்தது. மெக்கானிக்கைப் போலீஸ் தினமும் கூப்பிட்டு உட்காரவைப்பதாகவும், வண்டியைப் பரிசோதிக்கும் அதிகாரி வர நாளாகும் என்றும் பஞ்சர் தகவல் சொன்னார். பாவம்தான், ஆனால் நாம் என்ன செய்ய முடியும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் பிரபுவைக் கூப்பிட்டாள். பேச ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“பிரேக்கு பிடிக்கல டீச்சர். அது பொய்யில்ல. ஏறி மிதிச்சேன், அசையல.”

“ஏன் அசையலன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

பின்னணியில் யாரோ வார்டு கதவைத் தள்ளும் சத்தம் கேட்டது. “அவளுக்கு அவன் தம்பி இல்ல, புள்ள மாதிரி,” என்றார். “நான் வேணும்னே அணைச்சேன்னு தெரிஞ்சா என் முகத்துல முழிப்பாளா? மெக்கானிக்க நாலு நாள் விசாரிப்பாங்க, விட்டுடுவாங்க. எனக்கு அப்படி இல்ல டீச்சர்.”

அந்த ஆளுக்கும் வீடு இருக்கும், வீட்டில் முழிக்க ஒரு முகம் இருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அழுதார். ஒற்றை வரியில் ஊரையே சிரிக்கவைத்த மனிதர் அழுவதைக் கேட்க அவளுக்குச் சக்தியில்லை. தானே போனை வைத்தாள்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். பிரபு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தனை வருஷம் பழகிய மனிதரின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. மலைப்பாதையில் அடிபட்டவர்கள் என்று சொன்ன பிறகுதான் மாடியைக் காட்டினார்கள்.

தாழ்வாரத்தில், கையைத் துணித்தூளியில் போட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். குரலை வைத்து அவள் மனதில் வரைந்திருந்த ஆளைவிடச் சின்ன உருவம். சட்டையின் ஒரு பக்கம் தோளில் சும்மா தொங்கியது. அவள் யாரென்று சொல்லாமலே அடையாளம் கண்டுகொண்டார்.

“வேணாம் டீச்சர்,” என்றார்.

“நீங்களே சொல்லிடுங்க. நான் அந்தப் பெஞ்சுல இருக்கேன்.”

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவள் உட்கார்ந்தாள். தரை துடைக்கிறவர் அவள் காலைத் தூக்கச் சொல்லித் துடைத்துவிட்டுப் போனார். மருந்து வண்டி போனது, சாப்பாட்டு வண்டி வந்தது. ஜன்னலில் வெயில் இறங்கியது. பிரபு வெளியே வரவில்லை. வந்தது அவர் மனைவி. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்புகையில், இவள் வெகுநேரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். தலை வாரி நாளாகியிருந்தது.

“அவரோட ஃபிரெண்டுன்னு சொன்னாரு. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, சாப்பிட்டீங்களா?”

டீச்சர் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். மனைவி தன் தம்பியைப் பற்றிப் பேசினாள். கண் விழித்துவிட்டான், ஆனால் வாய் திறக்கவில்லை. ஆளைப் பார்க்கிறான், யாரென்று தெரிந்ததா தெரியவில்லையா என்று புரியவில்லை. நடப்பானா என்று கேட்டால் டாக்டர்கள் வேறெங்கோ பார்க்கிறார்கள். அந்த மெக்கானிக்கைச் சும்மா விடப்போவதில்லை, அவன் கையால் இனி ஒரு வண்டியையும் தொடக்கூடாது என்று அவள் சொன்னபோது குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

டீச்சர் கைப்பேசியை எடுத்தாள். வீடியோவைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.

மனைவி பார்த்தாள். சாவி திரும்பியது, சத்தம் நின்றது, காற்று வீசியது, தம்பி சிரித்தான். முடிந்ததும் அவள் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள்.

புரியவில்லையோ என்று நினைத்து டீச்சர் விளக்க வாயெடுத்தாள். ஆனால் இரண்டாவது முறை மனைவி திரையைப் பார்க்கவில்லை, கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டாள். தம்பி சிரிக்கும் இடம் வந்ததும் கண்ணை மூடினாள். அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு ஒரு வாரமாகியிருந்தது. மூன்றாவது முறை தானே போட்டுக்கொண்டாள்.

பிறகு கைப்பேசியை மடியில் வைத்தாள். “டீச்சர்னு சொல்றாரே. அது யாரு?”

“நான்தான்.”

“எதுக்கு உங்க ஆசீர்வாதம்?”

டீச்சர் சொன்னாள். போட்டியையும் சொன்னாள், தான் எழுதிய வரியையும் சொன்னாள், அழித்ததையும் சொன்னாள். இன்ஜின் அணைந்தால் பிரேக் என்ன ஆகும் என்பதையும், அதில் மெக்கானிக் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொன்னாள்.

“பிரேக்கு கல்லாயிடும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“சாவியப் பத்திச் சொன்னீங்க. அத ஏன் சொல்லல?”

நேரம் இல்லை என்று சொல்லலாம். மாணவர் வந்துவிட்டார் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். அந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே இரண்டும் வாய்க்கு வரவில்லை. மனைவி பதிலுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்தாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். “அத எனக்கும் அனுப்பி வைங்க,” என்று நம்பரைச் சொன்னாள். பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். கதவு மூடியது. உள்ளிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது.

போலீஸ் ஸ்டேஷன் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில்தான். எழுத்தர் வீடியோவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க என்று கேட்டார். வாக்குமூலத்தில் தான் எழுதிய வரியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அது தேவையில்லை என்றார் அவர், அவள் வற்புறுத்திய பிறகு சேர்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கைப்பேசியைத் திறந்தாள். நாலு சக்கரம் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். யார் நீக்கியது என்றும் அதிலேயே காட்டியது. டாக்டர்தான்.

மெக்கானிக்கைப் போலீஸ் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. பிரபு மேல் வழக்குத் திரும்பியது. அவர் லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள் என்றும், மனைவி தம்பியோடு தாய்வீட்டில் இருக்கிறாள் என்றும் காற்றுவாக்கில் கேள்விப்பட்டாள். தம்பி பேச ஆரம்பித்துவிட்டான் என்பதை மட்டும் அவள் காற்றுவாக்கில் கேட்கவில்லை. ஒருநாள் அந்த மனைவியின் நம்பரிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஒரு வாலிபக் குரல் திக்கித் திக்கித் தண்ணி வேணும் என்று சொல்லியது. அதோடு வேறு வார்த்தை எதுவும் இல்லை. அது நன்றியா, கோபமா, வேறு யாருக்காவது அனுப்ப நினைத்ததா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஒர்க்‌ஷாப்புக்கும் ஒருமுறை போனாள். பாதி ஏற்றியிருந்த ஷட்டரில் எழுதியிருந்ததன் மேல் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள். எழுத்து இன்னும் கொஞ்சம் தெரிந்தது. மெக்கானிக் ஒரு மோட்டார் சைக்கிளின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கார் ஒண்ணும் வர்றதில்லம்மா,” என்றார். “உண்மை தெரிஞ்சவங்ககூட, எதுக்கு வம்புன்னு வேற இடம் போறாங்க. நீங்க முதல் நாளே சொல்லியிருந்தா இந்த ஷட்டர்ல யாரும் எழுதியிருக்க மாட்டாங்க.” திட்டவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவள் தன் வண்டியை இனி அவரிடமே விடுவதாகச் சொன்னாள். அவ்வளவு தூரத்திலிருந்தா என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி செயினுக்குக் குனிந்தார்.

பயிற்சிப்பள்ளி முதலாளிக்கு விஷயம் தெரிந்து, இனி இந்த மாதிரி இணையத்தில் வாய் கொடுக்காதே என்று கண்டித்ததோடு விட்டுவிட்டார். வேலை போகவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. தனக்கு மட்டும் சலுகை கிடைத்துவிட்டது போலவே இருந்தது.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களை அவள் முதலில் மேடுபள்ளம் இல்லாத காலி மைதானத்துக்குக் கூட்டிப்போகிறாள். நடக்கும் வேகத்தில் உருட்டச் சொல்லி, இன்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்கிறாள். போன வாரம் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். முதல் மிதி இறங்கியது, அடுத்ததும் இறங்கியது, பிறகு பாதம் சுவரில் முட்டியது போல நின்றுவிட்டது. அந்தப் பெண் திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதெல்லாம் டெஸ்ட்ல கேப்பாங்களா மேடம்?”

“கேக்க மாட்டாங்க,” என்றாள் டீச்சர். “இன்னொரு தடவ மிதிங்க. இன்னும் அழுத்தி.”